வீழாத் தலைவியும் வீழ்ந்த வீரரும்: ஆனர் ஹாரிங்டன் தொடர்நாவல்களில் இறப்பும் நினைவும்

1. தோற்றுவாய்

முற்றுப்பெற்ற நூலையே மதிப்பிடுதற்கு உரியதாகக் கொள்ளுதல் திறனாய்வாளர் மரபு. முதலும் இடையும் கடையும் ஒருங்கே கண்முன் நின்றாலன்றி ஒரு நூலின் கட்டுக்கோப்பை அளத்தல் அரிது. தொடக்கத்தில் விதைத்த ஒன்று இறுதியில் பழுத்ததா, பட்டுப்போயிற்றா என்பதை முழுமை கண்டே கூறவியலும். ஆயின் ஆசிரியர் எழுதிக்கொண்டே இருக்க, பதிப்பகத்தார் அச்சிட்டுக்கொண்டே இருக்க, கற்பார் அடுத்த நூலுக்குக் காத்துக்கொண்டே இருக்க, வளர்ந்துவரும் ஒரு தொடரை எங்ஙனம் மதிப்பிடுவது? முடியட்டும் எனக் காத்திருப்பின் திறனாய்வு என்றுமே தொடங்காது. முடியுமுன் தீர்ப்புக் கூறின் அடுத்து வரும் நூலே அத்தீர்ப்பைப் பொய்யாக்கிவிடவும் கூடும்.

இவ்விடர்ப்பாட்டை யாம் எதிர்கொண்டது, அமெரிக்க எழுத்தாளர் டேவிட் வெபர் 1993ஆம் ஆண்டில் தொடங்கிய ஆனர் ஹாரிங்டன் நாவல் தொடரைப் பயிலப் புகுந்தபோது ஆகும். படைத்துறை அறிவியற் புனைகதை என்னும் வகையைச் சார்ந்தது இத்தொடர். விண்மீன்களிடையே நாடுகள் அமைத்து வாழும் பிற்கால மாந்தர், விண்கலப்படை கொண்டு பொரும் போரே இதன் பொருள். இத்தகைய நூல்களை இலக்கியம் கற்பிப்போர் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுகின்றனர். இவற்றில் ஈடுபட்டோரோ ஒவ்வொரு கலத்தின் எடையும் படைக்கலமும் கூறவல்லவராயிருக்கின்றனர். இருசாராரும் கேளாது விட்ட வினா ஒன்று உண்டு. போர்க்கதையில் இறப்பு மெய்யாக இருத்தல் வேண்டும். தொடர்கதையில் தலைமைமாந்தர் உயிரோடு இருத்தல் வேண்டும். இவ்விரு கட்டாயங்களும் ஒரே நூலில் மோதும்போது நிகழ்வது யாது?

எம் துணிபை முதற்கண் கூறிவிடுதல் நலம். தலைவி வீழாத தொடரில் போரின் மெய்ம்மையைச் சுமப்போர் சிறுமாந்தரே ஆவர். அவர்தம் இறப்பைத் தொடர் எவ்வாறு நினைவில் வைக்கின்றது என்பதே அதன் தகுதிக்கு அளவுகோல். இவ்வளவுகோல் தொடர் முடியும்வரை காத்திருக்கத் தேவையற்றது. ஒவ்வொரு நூலிலும் வைத்துப் பார்க்கத்தக்கது. ஆகலின் முற்றாத தொடரையும் நேர்மையாக மதிப்பிட இயலும் என்பது எம் கருத்து.

2. தொடரின் வளர்ச்சி

முதல் நூலாகிய ‘ஆன் பாசிலிஸ்க் ஸ்டேஷன்’ 1993இல் வெளிவந்தது. ‘அன்கம்ப்ரமைசிங் ஆனர்’ என்னும் பதினான்காம் நூல் 2018இல் வெளிவந்தது. இப்பதினான்கும் தொடரின் நடுத்தண்டு. இதிலிருந்து கிளைகள் பல பிரிந்தன. எரிக் ஃபிளின்ட் என்பாரோடு சேர்ந்து எழுதிய ‘கிரவுன் ஆஃப் ஸ்லேவ்ஸ்’ 2003இல் ஒரு கிளையையும், ‘தி ஷாடோ ஆஃப் சாகனாமி’ 2004இல் மற்றொரு கிளையையும் தொடங்கி வைத்தன. 2014 முதல் திமதி சான் முதலியோருடன் இணைந்து எழுதப்பட்ட நூல்கள் கதைக்கு முற்பட்ட காலத்தைக் கூறுவன. 2018இல் நடுத்தண்டு ஒருவாறு நிறைவுற்றதெனினும் கிளைகள் நிற்கவில்லை. 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் நூல்கள் வந்துள்ளன.

கதையின் வேர் கடற்போர்ப் புனைகதையில் உள்ளது. ஆங்கில நாவலாசிரியர் சி. எஸ். ஃபாரஸ்டர் 1937இல் படைத்த ஹோரேஷியோ ஹார்ன்புளோவர் என்னும் கப்பல்தலைவனே ஆனர் ஹாரிங்டனுக்கு முன்மாதிரி. இருவர் பெயரும் ஒரே முதலெழுத்துகளை உடையன. வெபர் தம் முதல் நூலை ஃபாரஸ்டருக்கே படையலாக்கினார். மாண்டிகோர் என்னும் முடியரசு நெப்போலியன் காலப் பிரிட்டனையும், அதனோடு பொரும் ஹேவன் மக்கள் குடியரசு புரட்சிக்காலப் பிரான்சையும் நினைவூட்டும். ஹேவனில் ஆட்சியைக் கைப்பற்றுபவன் பெயர் ராப் எஸ். பியர். விரைந்து கூறின் ரோபெஸ்பியர் என்றே ஒலிக்கும் இப்பெயர், ஆசிரியர் தம் மூலத்தை மறைக்க விரும்பவில்லை என்பதற்குச் சான்று.

தலைவியின் பெயராகிய ‘ஆனர்’ மானம் எனப் பொருள்படும் சொல்லும் ஆகும். நூற்பெயர்கள் பலவற்றில் இச்சொல் இரட்டுற மொழிதலாய் அமைந்துள்ளது. மானத்தின் பெயரைத் தாங்கியவள் வீழாள். ஆயின் அவள்பொருட்டு வீழ்ந்தோர் எத்துணையர்? பெயரிலேயே இவ்வினா உறங்கிக் கிடக்கின்றது.

3. போர்க்களத்தின் இலக்கணம்

புனைந்துகொண்ட உலகுக்கும் இலக்கணம் வேண்டும். வெபர் வகுத்த இலக்கணம் கருத்தக்கது. அவர்தம் போர்க்கலங்கள் ஈர்ப்புவிசையை நெருக்கி, கலத்தின் மேலும் கீழும் சாய்ந்த இரு தளங்களை உண்டாக்கி, அவற்றின் ஆற்றலால் இயங்குவன. அவ்விரு தளங்களையும் எப்படைக்கலமும் துளைக்காது. இரு பக்கங்களிலும் அவற்றினும் மெலிந்த காப்புச்சுவர்கள் உள்ளன. முன்னும் பின்னும் திறந்து கிடப்பவை. எனவே பகைவனின் திறந்த முகப்புக்கு நேரே தன் பக்கத்தைத் திருப்புபவனே வெல்வான். பாய்மரக் கப்பல்கள் அணிவகுத்துப் பக்கவாட்டிற் பீரங்கி முழக்கிய காலத்துப் போர்முறையை விண்வெளியில் மீட்டெடுக்கவே இவ்விதிகள் ஆக்கப்பட்டன என்பது வெளிப்படை.

இதன் விளைவாக எழுந்த மற்றொரு கூறு எம் ஆய்வுக்கு இன்றியமையாதது. அஃது இடைப்பொழுது. கலங்களிடையே தொலைவு மிகுதி. ஏவுகணை புறப்பட்டு வந்து தாக்கும்வரை நிமிடங்கள் கழியும். வருகின்ற கணைகள் எத்தனை என்பதும் எப்போது வந்தடையும் என்பதும் கலத்திலுள்ளோர்க்குத் தெரியும். செய்யத்தக்க யாவும் செய்து முடித்த பின்னும் சிறுபொழுது எஞ்சி நிற்கும். அப்பொழுதில் மாந்தர் செய்யக்கூடியது காத்திருத்தல் ஒன்றே.

வாட்போரில் இவ்விடைவெளி இல்லை. ஓங்கிய கையும் வீழ்ந்த உடலும் ஒருநொடிப்பட்டன. வெபரின் போர்க்களம் ஏவலுக்கும் இறப்புக்கும் இடையே ஒரு வெளியை ஆக்கித் தருகின்றது. அவ்வெளியில்தான் அவர் தம் சிறுமாந்தரை நமக்கு அறிமுகம் செய்விக்கின்றார். விஞ்ஞானக் கற்பனை ஈண்டு வெற்று அணிகலன் அன்று. இறப்பை எண்ணிப் பார்ப்பதற்கு இடம் தரும் கருவியாகும்.

4. தள்ளிவைக்கப்பட்ட இறப்பு

ஆனர் ஹாரிங்டனின் வாழ்க்கைக்கு ஹார்ன்புளோவரே அன்றிக் கடற்படைத் தலைவர் நெல்சனும் முன்மாதிரி. நெல்சன் 1794இல் வலக்கண்ணின் பார்வையையும் 1797இல் வலக்கையையும் இழந்தவர். 1805இல் டிரஃபால்கர் போரில், வெற்றி கைகூடிய வேளையில் உயிர்நீத்தவர். ஆனர் 1993இல் வந்த இரண்டாம் நூலில் இடக்கண்ணையும், 1997இல் வந்த ‘இன் எனிமி ஹேண்ட்ஸ்’ நூலில் இடக்கையையும் இழக்கின்றாள். அவள் உலகின் மருத்துவம் இழந்த உறுப்பை மீள வளர்ப்பிக்க வல்லது. ஆயினும் அம்மருத்துவம் ஏற்காத சிலருள் ஒருத்தியாக அவளை ஆசிரியர் படைத்துள்ளார். கருவியால் ஆகிய கண்ணும் கையுமே அவளுக்கு வாய்த்தன. கற்பனை விஞ்ஞானம் எளிதில் தந்திருக்கக்கூடிய விடுதலையை ஆசிரியரே அடைத்துவிட்டார். புண் புண்ணாகவே நிலைத்தல் வேண்டும் என்னும் இந்நேர்மை பாராட்டத்தக்கது.

உறுப்பிழப்பில் நெல்சனை ஒத்தவள் முடிவிலும் ஒத்தல் வேண்டும் என்பதே ஆசிரியரின் முதல் திட்டம். 2005இல் வெளிவந்த ‘அட் ஆல் காஸ்ட்ஸ்’ நூலின் பெரும்போரில் அவளை வீழ்த்தி, பல்லாண்டு கழித்து அவள் மக்கள் காலத்தில் கதையைத் தொடரக் கருதியிருந்ததாக வெபரே வெளிப்படையாகக் கூறியுள்ளார். எரிக் ஃபிளின்டுடன் எழுதிய கிளைக்கதையால் பிற்காலத்துக்கு உரிய பகைவர் முன்னதாகவே களம்புக நேர்ந்தது. காலக்கணக்கு மாறியது; தலைவி பிழைத்தாள்.

இதனை வாணிக நோக்கம் என ஒரு சொல்லில் ஒதுக்குதல் முறையன்று. பன்னூலாக வளரும் படைப்பில் ஒரு கிளையின் தேவை நடுத்தண்டை வளைத்தல் இயல்பே. ஆயினும் விளைவை மறைக்கவியலாது. நூலின் பெயருக்கு ‘எவ்விலை கொடுத்தும்’ என்பது பொருள். கொடுக்கப்படவேண்டிய பெருவிலை தலைவியின் உயிர் என ஆசிரியர் வகுத்திருந்தார். அவ்விலை கொடுக்கப்படவில்லை. எனின் அதனைக் கொடுத்தவர் யார்?

தொடர்கதை மரபில் இதற்கு விடை உண்டு. தலைவனின் நண்பனே கொடுப்பான். ஃபாரஸ்டரின் தொடரில் ஹார்ன்புளோவரின் உற்ற தோழன் புஷ், 1946இல் வந்த ‘லார்ட் ஹார்ன்புளோவர்’ நூலில் ஒரு வெடிப்பில் மாய்கின்றான். ‘அட் ஆல் காஸ்ட்ஸ்’ நூலில் ஆனரின் தோழன் அலிஸ்டர் மக்கியான் மாய்கின்றான். முதல் நூலில் அவளிடம் காழ்ப்புற்ற துணைத்தலைவனாக நமக்கு அறிமுகமானவன் இவன். தன் காழ்ப்பு தகாதது எனத் தானே உணர்ந்து, அவள் நம்பிக்கைக்கு உரியவனாக மாறியவன். அம்மாற்றத்தைக் கற்பார் கண்டது 1993இல். அவன் இறப்பைக் கண்டது 2005இல். பன்னிரண்டு ஆண்டுக்காலம் கற்பாரோடு உடன்வளர்ந்த ஒருவனின் இறப்பு அது. ஒரே நூலில் தொடங்கி முடியும் நாவல் இத்தகைய உறவை எளிதில் ஆக்கித்தராது. தலைவியைக் காக்கும் அதே தொடர்தான் துணைமாந்தரின் இறப்புக்கு எடையையும் தருகின்றது. இஃது இவ்வகை நூலுக்கே உரிய ஆற்றல் என்க.

5. நடுகல்லும் பெயரும்

இனி, மக்கியானைப் போல் நெடுநாட் பழகாத எளிய வீரரைக் காண்போம். வெபரின் நூல்களைப் பயின்றோர் அனைவரும் அறிந்த உத்தி ஒன்று உண்டு. போர் மூளும் வேளையில் எந்திர அறையிலோ ஏவுகணை மேடையிலோ பணிபுரியும் ஒருவனை ஆசிரியர் பெயர் கூறி அறிமுகம் செய்விப்பார். அவன் ஊர், குடும்பம், மேற்கொண்ட பணி, மனத்துள் கொண்ட கவலை ஆகியன சில வரிகளில் வரும். கணை தாக்கும். அவன் இரான். ஓமரின் இலியத்திலும் மடிகின்ற வீரனின் தந்தையும் ஊரும் கூறப்படும்; அப்பழைய மரபின் தொடர்ச்சியே இது.

தமிழ் கற்றார்க்கு ஈண்டு நடுகல் நினைவுக்கு வரும். தொல்காப்பியர் புறத்திணையியலில் கல்லைக் காண்டல் முதல் வாழ்த்தல் ஈறாக நடுகல்லின் நிலைகளை வரிசையுறக் கூறுவர். அவ்வரிசையில் யாம் காணும் நுட்பம் இது: வீரன் வீழ்ந்த அளவில் செயல் முடியவில்லை; கல் தேடப்படுகின்றது, கொணரப்படுகின்றது, நீராட்டப்படுகின்றது, நாட்டப்படுகின்றது, வாழ்த்தப்படுகின்றது. இறப்பு ஒரு நொடி, நினைவோ தொழில். அத்தொழிலைச் செய்வோர் உயிரோடிருப்போர். வெபர் இம்மரபை அறிந்தவர் என்று யாம் கூறவில்லை. போர்ப்பாடலும் போர்க்கதையும் எக்காலத்தும் எதிர்கொள்ளும் கடமை ஒன்றை இம்மரபு தெளிவுறுத்துகின்றது என்பதே எம் கருத்து.

இவ்வளவுகோல் கொண்டு நோக்கின் தொடரின் முற்பகுதி நன்கு தேறுகின்றது. முதல் நூலில் கலம் ஒன்று, அதிலுள்ளோர் சிலநூற்றுவர். ஓடும் பகைக்கலத்தை இறுதிவரை விடாது துரத்தும் தலைவி, தன் ஒவ்வோர் ஆணையும் எவர் உயிரைக் கொள்ளும் என அறிந்தே ஆணையிடுகின்றாள். வெற்றிக்குப் பின்னும் அவள் மனத்தில் நிற்பது அக்கணக்கே. பெயரை நிலைநிறுத்தும் வழக்கமும் அக்கதையுலகில் உண்டு. மாண்டிகோர்க் கடற்படை புகழ்பெற்ற கலங்களின் பெயர்களை ஒரு பட்டியலாகப் போற்றி, அவை அழிந்தாலும் அவற்றின் பெயர்களைப் புதிய கலங்களுக்கு இடுகின்றது. முதல் நூலில் ஆனரின் கலமாகிய ‘ஃபியர்லெஸ்’ சிதைந்தது. இரண்டாம் நூலில் அவள் தலைமையேற்கும் புதிய கலத்துக்கும் அதுவே பெயர். கல் மாறியது, பெயர் நின்றது.

இவ்விடத்து ஒரு முரணையும் சுட்டுதல் வேண்டும். 1998இல் வந்த ‘எக்கோஸ் ஆஃப் ஆனர்’ நூலில், ஆனர் கொல்லப்பட்டாள் எனப் பகைநாட்டார் பொய்க்காட்சி ஒன்றைப் பரப்புகின்றனர். நாடே துயருறுகின்றது, அவளுக்கு இறுதிச்சடங்கும் நிகழ்கின்றது. கற்பாராகிய நாம் மட்டும் அவள் உயிரோடிருப்பதை அறிவோம். நாட்டு மக்கள் மெய்யாக அழ, நாம் அழாது அவள் மீட்சியை எதிர்நோக்கி மகிழ்கின்றோம். தலைவிக்கு நடப்பெற்ற கல் பொய்க்கல் ஆயிற்று. அப்பொய்க்கல்லின் நிழலில் மெய்யாக மாண்டோரின் கற்கள் மறைந்துவிடும் தீங்கு இங்குத் தொடங்குகின்றது.

6. எண் பெருகப் பெயர் தேய்தல்

முதல் நூலில் ஏவுகணைகள் ஒன்றிரண்டாகப் பாய்ந்தன. போர் வளர வளரக் கருவியும் வளர்ந்தது. கணைகளைக் கொத்துக்கொத்தாக விடும் பொறிகள் வந்தன. அவற்றையே சுமந்து செல்லும் பெருங்கலங்கள் வந்தன. பிற்பகுதி நூல்களில் ஒரே வீச்சில் பல்லாயிரம் கணைகள் பாய்கின்றன. படைத்துறை வரலாற்றின் உண்மைப் போக்கை இது ஒத்திருப்பதை மறுக்கவில்லை. போர் நீளுந்தோறும் கருவி பெருகுதலும், கருவி பெருகுந்தோறும் சாவு பெருகுதலும் இருபதாம் நூற்றாண்டு நமக்குக் காட்டிய உண்மை.

ஆயின் கதைக்கலைக்கு இதனால் நேர்ந்தது யாது? எம் சொந்த வாசிப்பையே சான்றாகத் தருகின்றோம். ஒவ்வொரு நூலையும் படித்து முடித்த மறுநாள், நூலைத் திறவாது, அதில் இறந்தோர் பெயர்களை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோம். முற்பகுதி நூல்களுக்கு ஒரு சிறு பட்டியலேனும் அமைந்தது. பிற்பகுதி நூல்கள் சிலவற்றுக்குக் கணைகளின் எண்ணிக்கை நினைவில் நின்றது. மாந்தர் பெயர் நிற்கவில்லை. முதலில் எம் நினைவாற்றலைக் குறைகூறினோம். மீண்டும் நூலைப் புரட்டியபோது மற்றொன்றும் புலனாயிற்று. பெயர் கூறி அறிமுகம் செய்விக்கும் உத்தி அங்கும் இருந்தது. ஆயின் அதனை யாமே விரைந்து கடந்திருந்தோம். இவன் இறக்கவே வந்தான் என்பதை உத்தியின் பழக்கத்தால் முன்னரே அறிந்து, அவனைப் பாராமலே பக்கத்தைத் திருப்பியிருந்தோம்.

இக்குற்றத்தில் ஆசிரியர்க்குப் பாதியும் எமக்குப் பாதியும் பங்குண்டு. ஒரே வாய்பாட்டில் மீண்டும் மீண்டும் செதுக்கிய கல் எழுத்தற்ற கல்லுக்கு ஒப்பாகிவிடுகின்றது. எதிர்ப்படும் ஒவ்வொருவனையும் தலைவி பிழைப்பதற்குரிய விலை என எண்ணக் கற்றுக்கொண்ட கற்பாரோ, படைத்தலைவரின் கணக்கேட்டுக் கண்ணையே தம் கண்ணாகக் கொண்டுவிடுகின்றனர். போரின் கொடுமையைக் காட்டத் தொடங்கிய கதை, அக்கொடுமைக்கு நம்மைப் பழக்கிவிடும் இடம் இதுவே. இப்பழக்கம் நூலோடு நின்றுவிடாது. நாளிதழில் நாள்தோறும் வரும் போர்ச்செய்தியின் எண்ணையும் அதே கண்ணால் கடக்கின்றோம். தொடரைப் படிக்கும் முறை பற்றிய கேள்வி இங்ஙனம் வாழ்வு பற்றிய கேள்வியாகவும் ஆகின்றது.

இதற்கு விலக்கும் உண்டு. 2010இல் வந்த ‘மிஷன் ஆஃப் ஆனர்’ நூலில் மாண்டிகோரின் விண்நிலையங்கள் எதிர்பாராத் தாக்குதலில் தகர்கின்றன. சிதைவுகள் கோளின் மேல் வீழ, யவாட்டா கிராசிங் என்னும் நகர் அழிகின்றது. ஆனரின் உறவினர் பலர் அங்கு மாள்கின்றனர். நெடுநாள் அவள் மெய்க்காவலனாக இருந்த ஆண்ட்ரூ லஃபோலெட், குழந்தையைக் காத்துத் தன் உயிரை விடுகின்றான். மாண்டோர் தொகை மிகப் பெரிது. ஆயினும் ஒரு குடும்பத்தின் வெறுமையான இல்லங்கள் வழியே அத்தொகை காட்டப்படுகின்றது. எனவே குறை எண்ணின் பெருக்கத்தில் மட்டும் இல்லை. எண்ணுக்கு ஒரு வாயில் அமைத்தாரா இல்லையா என்பதே வேறுபாடு. வாயில் அமைந்த இடத்தில் பெருஞ்சாவும் நம் நெஞ்சில் தங்குகின்றது.

7. ஓர் ஒப்பீடு

தலைமைமாந்தரைக் கொல்லாமலே இறப்பை மெய்யாக்க இயலுமா? இயலும் என்பதற்கு லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்டு 1986 முதல் எழுதிவந்த வோர்கோசிகன் தொடர் சான்று. 1994இல் வந்த ‘மிரர் டான்ஸ்’ நூலில் தலைவன் மைல்ஸ் களத்தில் மெய்யாகவே இறக்கின்றான். உறைநிலையில் வைக்கப்பட்டுப் பின்னர் உயிர்ப்பிக்கப்படுகின்றான். இதுவரை நோக்கின் இஃது ஆனரின் பொய்ச்சாவினும் எளிய தந்திரமே. ஆயின் 1996இல் வந்த ‘மெமரி’ நூல் அதன் கணக்கைத் தீர்க்கின்றது. உயிர்ப்பித்தலின் விளைவாக அவனுக்கு வலிப்பு நோய் வருகின்றது. அதனை மறைத்து மேலிடத்துக்குப் பொய்யறிக்கை அனுப்புகின்றான். பொய் வெளிப்பட, பணியை இழக்கின்றான். உயிர் மீண்டது, வாழ்க்கை மீளவில்லை.

இரு தொடர்களின் வேறுபாடும் இதனால் விளங்கும். புஜோல்டு விலையைத் தலைவனிடமே பெறுகின்றார். எனவே போர்க்கதையே மெல்ல வேறொரு கதையாக மாறிவிடுகின்றது. வெபர் போரை விடவில்லை. ஆகலின் அவர் விலையைப் பிறரிடம் பெறவேண்டியவராகின்றார். முதல்வழி ஒருவனின் அகத்தை ஆழமாக்கும். இரண்டாம் வழி ஒரு நாட்டின் இழப்பை அகலமாக்கும். அகலத்தைத் தேர்ந்தவர்க்கு, மாண்ட பலரையும் நினைவில் நிறுத்தும் கடமை மிகுதியாகின்றது. வெபரின் வழி தாழ்ந்தது என்று யாம் கூறோம். அவ்வழி அரியது, அதில் வழுக்குதல் எளிது என்றே கூறுவோம்.

8. ஒரு தடையும் விடையும்

பொழுதுபோக்குக்காக எழுதப்பட்ட கதையின் மேல் இத்துணைச் சுமை ஏற்றுதல் தகுமா எனச் சிலர் வினவலாம். கற்பார் விரும்புவது வெற்றி. ஆசிரியர் தந்தது வெற்றி. இடையில் நடுகல் எதற்கு என்பது அவர்தம் தடை.

விடை தொடரினுள்ளேயே உள்ளது. வெற்றியை மட்டும் தர விரும்பியவர் தம் தலைவிக்கு மீளாத புண்களைத் தந்திருக்க வேண்டியதில்லை. நண்பனைப் பன்னிரண்டு ஆண்டு வளர்த்து மாய்த்திருக்க வேண்டியதில்லை. அழிந்த கலத்தின் பெயரைப் போற்றும் வழக்கத்தைப் புனைந்திருக்க வேண்டியதும் இல்லை. நினைவு என்னும் கடமையைத் தொடரே ஏற்றுக்கொண்டுள்ளது. அது தானே வகுத்துக்கொண்ட நெறியால் அதனை அளத்தல் சுமையேற்றுதல் ஆகாது.

தொடர் தன் கடனை மறக்கவில்லை என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் ஒன்று கிடைத்துள்ளது. 2024இல் வெளிவந்த ‘டோல் ஆஃப் ஆனர்’ கதையை முன்னோக்கி நகர்த்தும் நூலன்று. 1994இல் வெளிவந்த ‘ஃபீல்டு ஆஃப் டிஸ்ஆனர்’ கதைக்காலத்துக்கே திரும்பி, ஹான்காக் போரில் தப்பிய பிராண்டி போல்ஜியோ என்னும் இளைய அதிகாரி முதலிய பிறர் கண்வழி அக்காலத்தைக் கூறுகின்றது. அன்று யாம் தலைவியின் தனித்துயரையே நோக்கியிருந்தோம். அதே போரிலிருந்து மீண்ட மற்றொருத்தியும் அருகிலேயே இருந்தாள் என்பதை முப்பது ஆண்டு கழித்து ஆசிரியர் திரும்பி வந்து கூறுகின்றார். நூற்பெயரின் முதற்சொல் சாவின் தொகையையும் கொடுக்கவேண்டிய சுங்கத்தையும் ஒருங்கே குறிப்பது. இந்நூல் பழைய கடன் முழுதையும் தீர்த்துவிட்டது எனல் மிகையாகும். கடன் உண்டு என்பதை ஒப்புக்கொண்டது என்றே கொள்ளல் தகும்.

முற்றாத தொடருக்கு உள்ள சிறப்பும் இதுவே. முற்றிய காப்பியம் தான் மறந்தவனை மறந்ததே. அதன் ஆசிரியர் மீண்டு வந்து சேர்க்க இயலாது. வளரும் தொடரோ தன் பழைய பக்கங்களுக்குத் திரும்பிச்சென்று, விடுபட்ட பெயரைப் பொறிக்கவல்லது. அவ்வாற்றலைப் பயன்படுத்தும்போது அது காப்பியத்துக்கும் கிட்டாத ஒன்றைச் செய்கின்றது. பயன்படுத்தாது அடுத்த போரையே நாடி ஓடும்போது கணைகளை எண்ணும் ஏடாகிவிடுகின்றது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. படைத்துறைத் தொடர்நாவலில் தலைமைமாந்தரின் உயிர் தொடரின் தேவையால் காக்கப்படுகின்றது. அதனால் போரின் மெய்ம்மை துணைமாந்தர்பால் சாய்கின்றது. ஆனர் ஹாரிங்டன் தொடர் நெடுநாட் பழகியோர் இறப்பில் அம்மெய்ம்மையை நன்கு தாங்கிநிற்கின்றது. எண் பெருகிய இடங்களில் தளர்கின்றது. எண்ணுக்கு ஒரு வாயில் அமைத்த இடங்களில் மீண்டும் நிமிர்கின்றது. இறந்தோரை நினைத்தல் என்னும் அளவுகோல் தொடரின் எந்நிலையிலும் பயன்படுத்தத் தக்கது.

இத்தகைய தொடர்களை ஆய்வுப்பொருளாகக் கொள்ளத் தயங்கும் பட்டமேல் மாணவர்க்கு ஒன்று கூறி முடிப்போம். நூல் முடியட்டும் எனக் காத்திருக்க வேண்டா. கையிலுள்ள நூலைப் படித்து மூடிய மறுநாள், ஒரு தாளை எடுத்து, மாண்டோர் பெயர்களை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். தாள் வெறுமையாக இருப்பின், குற்றம் நூலினதா தம்மதா என ஆராய மீண்டும் முதற்பக்கத்தைத் திறவுங்கள். எம் ஆய்வு தொடங்கியதும் அத்தகைய வெறுந்தாள் ஒன்றிலிருந்தே ஆகும்.